பழைய கேம் இசைக்கு ரசிகர்கள் போடும் ரீமிக்ஸ்: மரியாதையா, திருட்டா?

செமினியில் நான் வளர்ந்த தாமானில், சாயங்காலம் எந்த வீட்டைக் கடந்து போனாலும் ஒரே மாதிரி சத்தம்தான் கேட்கும். டிவிக்குக் கீழே ஒரு மைக்ரோ ஜீனியஸ் பெட்டி. பாசார் மாலாமில் வாங்கிய, மேலே '100 கேம்' என்று எழுதியிருந்த ஒரு கேசட். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த நாலைந்து பேர். வயதில் சின்னவள் என்பதால் எனக்கு விளையாடும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பல வருஷம் கழித்து, காஜாங் எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது ஹெட்போனில் ஒரு பாட்டு ஓடியது. கிட்டார், டிரம்ஸ், யாரோ ஒருவரின் ராப். எனக்குத் தெரியாத பாட்டு. ஆனால் அடியில் ஓடிய மெட்டு மட்டும் எனக்குத் தெரியும்! அது அந்தக் காலத்து கேம் ஒன்றின் இசை. ரசிகர்கள் சிலர் சேர்ந்து அதை எடுத்துப் புதுசாக அமைத்திருந்தார்கள்.

இதற்கு 'ரசிகர் ரீமிக்ஸ் ஆல்பம்' என்று பெயர். உலகம் முழுக்க இப்படி நிறைய ஆல்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். இதை எப்படி ரசிப்பது? அடுத்தவர் மெட்டை எடுத்து இப்படிச் செய்வது சரியா? மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரசிகர் ரீமிக்ஸ் ஆல்பம் என்றால் என்ன?

'ரீமிக்ஸ்' என்றதும் பழைய பாட்டின் பதிவுக்குக் கீழே வேகமான பீட் போடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கேம் இசை ரசிகர்கள் இந்தச் சொல்லை வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். அசல் பதிவை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வாத்தியம், தாளம், ஸ்வர அடுக்கு, வேகம் எல்லாவற்றையும் மறுபடி அமைத்து, தாங்களே வாசித்துப் பதிவு செய்கிறார்கள். சரியாகச் சொன்னால் இது மறு இசையமைப்பு.

இந்த உலகத்தில் ரொம்ப நாளாக இயங்கும் அமைப்புகளில் ஒன்று அமெரிக்காவின் 'ஓவர்க்ளாக்டு ரீமிக்ஸ்'. டேவிட் லாய்ட் என்ற இசை ரசிகர் 1999 டிசம்பரில் தொடங்கினார். இதுவரை 4,000க்கும் அதிகமான ரீமிக்ஸ்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் வெளிவராது. நடுவர் குழு ஒன்று கேட்டு முடிவு செய்யும். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம்: அசல் மெட்டு அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் அசலை அப்படியே நகல் எடுத்திருக்கவும் கூடாது.

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ரொம்ப மாற்றினால் மெட்டு தொலைந்துவிடும். கொஞ்சமாக மாற்றினால் எதற்காகச் செய்தார்கள் என்றே தெரியாது.

அந்தக் கால இசை ஏன் மனசில் ஒட்டிக்கொண்டது?

பழைய கேம் இசை சின்னச் சின்ன சிப்புகளில் உருவானது. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய தடங்கள் மொத்தம் ஐந்துதான். இரண்டு மெட்டுக்கு, ஒன்று அடித்தள சுருதிக்கு, ஒன்று தாளத்துக்கான இரைச்சலுக்கு, ஒன்று பதிவு செய்த சின்னச் சத்தங்களுக்கு. ஹீரோ குதித்தாலோ சுட்டாலோ, அந்தச் சத்தத்துக்கும் இதே தடங்களில் இடம் விட வேண்டும்.

நினைவக அளவும் அப்படித்தான். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் முழுவதுமே சுமார் 40 கிலோபைட். படம், கட்டங்கள், எதிரிகள், கோஜி கொண்டோவின் இசை எல்லாம் அதற்குள் அடக்கம். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

இடம் இல்லாததால் இசையமைப்பாளர்கள் சின்ன மெட்டுகளையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். ஒரே கட்டத்தில் நீங்கள் பத்து தடவை செத்தால், அந்த மெட்டையும் பத்து தடவை கேட்டாக வேண்டும். அலுக்காமல் இருக்க மெட்டு பலமாக இருக்க வேண்டும். அலங்காரத்தில் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. அந்த மெட்டுகள் இத்தனை வருஷம் தாங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் கொண்டோவின் மாரியோ இசையைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அதுதான்.

ரசிகர்களுக்கு இதில்தான் வாய்ப்பு. மெட்டு பலமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கால சிப்பில் பாதிதான் சொல்ல முடிந்தது. 'இதையே நிஜ வயலினில் வாசித்தால்? உண்மையான டிரம்ஸ் போட்டால்?' என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள்தான் பின்னால் ரீமிக்ஸ் போட்டார்கள்.

ஒரு ஆல்பத்தின் கதை

1991-இல் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கேமை ஆர்கேட் கடைகளில் இறக்கியது. நம் ஊர் அண்ணன்மார்கள் காசு வைத்து வரிசையில் நின்ற கேம் அது. நம்மவர்களுக்கு அதில் கூடுதல் ஈர்ப்பு ஒன்று உண்டு: கையை நீட்டி அடிக்கும், வாயால் தீ கக்கும் இந்திய வீரர் தால்சிம். அவருடைய சண்டை மேடையின் பின்னால் யானைகள் வரிசையாக நிற்கும்.

கேமின் பெரும்பாலான மெட்டுகளை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா, அப்போது இருபதுகளில் இருந்த ஒரு ஜப்பானியப் பெண். ஒவ்வொரு வீரருக்கும் அவரவர் நாட்டை நினைவுபடுத்தும் ஒரு மெட்டு கொடுத்தார். யாராவது தோற்கும் நிலைக்கு வந்தால் இசை வேகமெடுக்கும், கேட்பவருக்கும் படபடப்பு வரும். ஷிமோமுரா பின்னால் 'கிங்டம் ஹார்ட்ஸ்' போன்ற பெரிய கேம்களுக்கு இசையமைத்தார். 2025-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதன் உயரிய கௌரவமான 'ஃபெல்லோஷிப்' விருதை அவருக்குத் தந்தது.

இனி 2006-க்கு வருவோம். ஓவர்க்ளாக்டு ரீமிக்ஸைச் சேர்ந்த இசைக் கலைஞர்கள், ஷேல் ரைலி என்பவரின் ஒருங்கிணைப்பில், இந்தத் தொடரின் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ' கேம் இசைக்கு ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். பெயர் 'ப்ளட் ஆன் தி அஸ்ஃபால்ட்'. இலவசமாக வெளியிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை.

கேப்காமில் அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். நிறுவனம் அப்போது அதே கேமைப் புதிய படத்தரத்தில் மறுபடி வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்தது. தயாரிப்புக் குழு இந்த ரசிகர்களைத் தொடர்புகொண்டது. 2008 நவம்பரில் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ ஹெச்டி ரீமிக்ஸ்' பிளேஸ்டேஷன் 3-இலும் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் வந்தபோது, உள்ளே ஓடியது அந்த ரசிகர்களின் இசை. ஆல்பத்தில் இருந்த சில இசைத் துண்டுகளைச் செதுக்கிப் பயன்படுத்தினார்கள், மற்றவற்றைப் புதிதாகச் செய்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. உரிமையாளர் நினைத்திருந்தால் 'எடுத்துவிடுங்கள்' என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். அனுப்பியதோ வேலைக்கான அழைப்பு.

எப்படிக் கேட்பது?

முதல் தடவை கேட்கும்போது 'சத்தமா இருக்கு' என்று சிலருக்குத் தோன்றலாம். இப்படிச் செய்து பாருங்க.

முதலில் அசலைக் கேளுங்கள். ஒரு நிமிஷம் போதும். மெட்டை வாய்க்குள் முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள். அதற்குப் பிறகு ரீமிக்ஸுக்குப் போங்கள்.

இரண்டாவது, மெட்டு எங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள். அசலில் மேலே ஒலித்தது ரீமிக்ஸில் அடித்தள கிட்டாருக்குப் போயிருக்கலாம். பாதி மெட்டை மட்டும் வைத்து மீதியைக் கேட்பவர் நினைவுக்கே விட்டிருக்கலாம்.

மூன்றாவது, நடுவில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அசல் இசைக்கு முடிவே கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். ரீமிக்ஸுக்கு ஆரம்பம் வேண்டும், உச்சம் வேண்டும், முடிவு வேண்டும். சுற்றும் ஒரு நிமிஷ மெட்டை நாலு நிமிஷப் பாட்டாக வளர்ப்பதுதான் பெரிய சவால். புதிதாகச் சேர்த்த பகுதி அசலோடு ஒட்டுகிறதா, தனியாகத் தொங்குகிறதா? நல்ல ரீமிக்ஸையும் சுமாரான ரீமிக்ஸையும் பெரும்பாலும் இந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம்.

நாலாவது, மனநிலை மாறியிருக்கிறதா? சண்டை இசை தாலாட்டு மாதிரி ஆகியிருக்கலாம். அது பொருந்துகிறது என்றால், அசல் மெட்டுக்குள்ளேயே அந்தச் சோகம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். நமக்குத்தான் அப்போது கேட்கவில்லை.

ஆல்பமாகக் கேட்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஒரே கேமின் மெட்டுகள் பத்துப் பன்னிரண்டு பேர் கைக்குப் போகின்றன. ஒருவர் ஜாஸ், ஒருவர் மெட்டல், ஒருவர் பியானோ. ஒரே ஆளுடைய எழுத்தை இத்தனை பேர் வாசித்துக் காட்டுகிற மாதிரி.

இது நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. பத்துமலை தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுக்களைக் கேட்டிருப்பீர்கள். பழைய சினிமா மெட்டு ஒன்று உறுமி அடியில் பக்திப் பாட்டாக மாறி வரும். கல்யாண வீட்டு நாதஸ்வரத்திலும் சினிமாப் பாட்டு வரும். அசலை அறிந்தவர்களுக்கு அதில் இரட்டைச் சந்தோஷம்.

இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? அதே 2006-இல், மலேசியாவில் யோகி பி & நட்சத்திரா குழு 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டது. அதில் பெரிய ஹிட் 'மடை திறந்து'. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி.பி. பாடிய பாட்டின் மேல் கட்டிய ராப் அது. நம் ஊர் இளைஞர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். கேட்டதைத் தங்கள் தமிழில், தங்கள் தாளத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். பலர் அதற்குப் பிறகுதான் அசல் பாட்டையே தேடிப் போய்க் கேட்டார்கள்.

அடுத்த வருஷமே, 2007-இல், 'பொல்லாதவன்' படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதனின் பழைய 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் ரீமிக்ஸில் எஸ்.பி.பி.யோடு யோகி பி-யும் பாடினார். கேப்காம் கதையும் இதுவும் வேறு வேறு உலகம். ஆனால் பழைய மெட்டைப் புதிதாகக் கேட்கத் தெரிந்த ரசிகருக்குக் கதவு திறந்தது இரண்டிலும் நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்பு இருந்தால் மட்டும் உரிமை வந்துவிடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மலேசியாவில் இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று மெட்டுக்கு, அதாவது இசைப் படைப்புக்கு. மற்றொன்று அந்த மெட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு. நீங்களே கிட்டார் வாசித்துப் பதிவு செய்தால் அசல் ஒலிப்பதிவை நீங்கள் தொடவில்லை. ஆனால் மெட்டு இன்னும் இன்னொருவருடையதுதான். அசல் வடிவில் மட்டுமல்ல, மாற்றி அமைத்த வடிவிலும் அதைக் கட்டுப்படுத்தும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

எத்தனை வருஷத்துக்கு? படைத்தவரின் வாழ்நாள் முழுக்க, அதற்குப் பிறகு இன்னும் 50 வருஷம். 80கள், 90களின் கேம் இசை பழசாகத் தெரிந்தாலும், சட்டத்தின் பார்வையில் இன்னும் புதுசுதான். ஜப்பானில் உருவானது என்பதும் காரணம் ஆகாது. மலேசியா 1990-இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. உறுப்பு நாடுகளின் படைப்புகளுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு 'நியாயமான பயன்பாடு' அனுமதிக்கப்படுகிறது. கேலி, பகடி போன்றவற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. நியாயமா இல்லையா என்று பார்க்கும்போது நாலு விஷயங்கள் கணக்கில் வரும்: பயன்படுத்திய நோக்கம், அசல் படைப்பின் தன்மை, எவ்வளவு எடுத்தீர்கள், அசலின் சந்தையை அது பாதிக்கிறதா. காசு வாங்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். ஆனால் அது மட்டுமே அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

மெட்டு யாருடையது என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2017-இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் இசை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பாட்டுகளை உலகத்துக்குப் பாடிக் காட்டியதே எஸ்.பி.பி.யின் குரல்தான். அவருக்கே நோட்டீஸ் என்றால், ரசிகரின் நிலை என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர்கள் எப்போது விடுகிறார்கள், எப்போது தடுக்கிறார்கள்?

நடைமுறையில் பெரும்பாலான ரசிகர் ஆல்பங்கள் உரிமையாளரின் பெருந்தன்மையில்தான் ஓடுகின்றன. அது எங்கே முடியும் என்பதைச் சில சம்பவங்கள் காட்டுகின்றன.

2012-இல் ஓவர்க்ளாக்டு ரீமிக்ஸ் குழு, நோபுவோ உவேமட்சு இசையமைத்த 'ஃபைனல் ஃபேன்டஸி 6' கேமுக்கு ஒரு பெரிய ஆல்பம் தயாரிக்க கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கியது. காசு என்றதும் விஷயம் மாறியது. உரிமையாளரான ஸ்கொயர் எனிக்ஸ் தலையிட, நிதி திரட்டல் நின்றது. அவர்களோடு பேசி, சம்மதம் வாங்கிய பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். 150,000 அமெரிக்க டாலருக்கு மேல் சேர்ந்தது. 'பேலன்ஸ் அண்ட் ரூயின்' என்ற பெயரில் 5 வட்டுகள், 74 இசைத் துண்டுகள் கொண்ட ஆல்பம் 2013-இல் வந்தது. பதிவிறக்கம் எல்லோருக்கும் இலவசம்.

ஜப்பானில் 'தோஹோ' கேம்களை உருவாக்கும் ஜுன் என்பவர் வேறு வழியில் போனார். ரசிகர்கள் தன் இசையை மாற்றி அமைக்கலாம் என்று விதிமுறைகளோடு அனுமதித்தார். தோக்கியோவின் 'கொமிகெட்' ரசிகர் சந்தையில் அப்படிச் செய்த ஆல்பங்கள் குவிந்தன.

மறுபக்கமும் உண்டு. 2022 தொடக்கத்தில், நின்டெண்டோ கேம் இசையின் அசல் பதிவுகளை யூடியூபில் ஏற்றி வந்த பிரபல சேனல் ஒன்றுக்கு 1,300க்கும் மேற்பட்ட தடைகள் வந்து, சேனல் மூடப்பட்டது. அங்கே இருந்தவை ரீமிக்ஸ் அல்ல, அசலேதான். 2024 அக்டோபரில் நின்டெண்டோ தன் கேம் இசைக்கென சொந்தச் செயலியையே வெளியிட்டது.

ஆனால் அதே 2022-இல் இன்னொன்றும் நடந்தது. நின்டெண்டோவின் 'கர்பி சூப்பர் ஸ்டார்' கேமின் மெட்டு ஒன்றை ஜாஸ் இசையாக மாற்றி வாசித்த 'தி 8-பிட் பிக் பேண்ட்' குழுவின் படைப்புக்கு, சிறந்த இசைக் கோர்ப்புக்கான கிராமி விருது கிடைத்தது.

அசலை அப்படியே தூக்கிப் போட்டால் உரிமையாளருக்கு அது போட்டி. அனுமதி இல்லாமல் காசு நுழைந்தால் கேள்வி வரும். பெயர் சொல்லி, உழைத்து, வேறொன்றாக மாற்றி, இலவசமாகக் கொடுத்தால் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 'பல நேரம்' என்பது 'எப்போதும்' இல்லை.

நீங்களே செய்யணும்னா?

கணினி ஒன்று இருந்தால் ஆரம்பிக்கலாம். எல்எம்எம்எஸ், பேண்ட்லேப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பேண்ட்லேப் நம் பக்கத்து சிங்கப்பூரில் இருந்து வந்ததுதான்.

அசல் பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். மெட்டைக் காதால் கேட்டு நீங்களே வாசித்துப் பழகுங்கள். கற்றுக்கொள்வதே அதில்தான் நடக்கிறது. வெளியிடும்போது கேமின் பெயர், அசல் இசையமைப்பாளரின் பெயர் இரண்டையும் முதலில் போடுங்கள். இது அதிகாரபூர்வ வெளியீடு இல்லை என்று சொல்லுங்கள். அந்த நிறுவனம் ரசிகர் படைப்புகளுக்கு விதிமுறை வெளியிட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விற்கவோ நிதி திரட்டவோ நினைத்தால், முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'எடுத்துவிடு' என்று சொன்னால் எடுத்துவிடுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்காகவே முடியணும்னு இல்லை. யூடியூபில் சோனிக் கேம் இசைக்கு ரீமிக்ஸ் போட்டுக்கொண்டிருந்த டீ லோப்ஸ், 2017-இல் சேகாவின் 'சோனிக் மேனியா' கேமுக்கே இசையமைப்பாளர் ஆனார். கோலாலம்பூரைத் தளமாகக் கொண்ட மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020-இல் வெளிவந்த 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' கேமின் கதையே இசைப் போட்டிதான். அதைத் தொடங்கிய வான் ஹஸ்மர், ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டஸி 15' குழுவில் வேலை பார்த்தவர். கேமுக்கு இசை போடும் வேலை இப்போது நம் ஊரிலும் இருக்கிறது.

செமினியில் அந்த மைக்ரோ ஜீனியஸ் பெட்டி எப்போதோ பழுதாகிப் போய்விட்டது. அந்த '100 கேம்' கேசட் அசல் இல்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதில் இசையமைப்பாளர் யார் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. யோகோ ஷிமோமுரா, கோஜி கொண்டோ, நோபுவோ உவேமட்சு என்ற பெயர்களையெல்லாம் ரசிகர்கள் இலவசமாகப் போட்ட ரீமிக்ஸ் ஆல்பங்களின் விவரக் குறிப்பில்தான் நான் முதன்முதலாகப் படித்தேன்.